ஐம்பது மாதிரி ஓட்டுகள்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆணை வரும். அதிலும் தேர்தல் ஆணை வந்தால் தட்டவே முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

பயிற்சி வகுப்பு

நான் உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர். ஓப்பன் சோர்ஸ் என்றால் புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து படித்துப் பார்க்கலாம் என்று வருடா வருடம் பாடம் எடுக்கிறவள். வாய் சும்மா இருக்குமா? வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களுக்கான பயிற்சியில் எழுந்து, ஓட்டு மெஷினுக்குள் இருக்கும் புரோகிராமையும் அப்படித் திறந்து காட்டினால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருமே என்று கேட்டுவிட்டேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது மேடம். கையெழுத்துப் போட்டுட்டு சாப்பாட்டு டோக்கன் வாங்கிக்கங்க."

காலை

பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். வாக்குப்பதிவு தொடங்குமுன் கட்சி ஏஜென்ட்டுகள் எதிரில் ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அவற்றை அழித்துவிட்டு சீல் வைக்க வேண்டும். எண்ணிக் காட்டினேன். ஒரு ஏஜென்ட், நெல் பயிரிடுகிறவர், மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து சந்தேகப்பட்டார். விடுவேனா? ஓப்பன் சோர்ஸ் பாடத்தை அங்கேயே நடத்தினேன். அதற்குள் நாஷ்டா வந்தது, சீல் வைத்தேன். அவர் சொன்னார்: "தொறந்து காட்டினா மட்டும் எங்களுக்கு இன்னா புரியும் டீச்சர்? படிச்சவங்க நீங்க சரின்னா சரி."

மாலை

பதிவேட்டை விட மெஷினில் ஐம்பது ஓட்டு அதிகம். மாதிரி ஓட்டுகளை நான் அழிக்கவே இல்லை. அழித்தாயிற்று என்ற சான்றிதழில் மட்டும் என் கையெழுத்தும் ஏஜென்ட்டுகள் அத்தனை பேர் கையெழுத்தும் இருந்தன. புரோகிராம் ஒரு பாவமும் அறியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் சந்தேகப்பட்ட அதே ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் பாத்துக்கினுதான் டீச்சர் இருந்தோம்."

முடிவுக்குப் பிறகு

அந்த மெஷினை எண்ணாமல் ஒதுக்கிவிட்டார்கள். ஜெயித்தவருக்கு வித்தியாசம் அதிகம், ஆகவே தேவைப்படவில்லையாம். எனக்கு மெமோ வந்தது. அது கூடப் பெரிதாக வலிக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவை அடையாளம் தெரிந்தது. கூலிக்கு நடவு நடுகிறவர், அன்று வேலையை விட்டுவிட்டு முதல் ஆளாக வரிசையில் நின்றவர். அவர் திட்டியிருந்தால் தேவலை. "எங்க ஊரு பொட்டிய எண்ணவே இல்லியாமே டீச்சர், அப்ப நான் ஓட்டு போட்டனா, இல்லியா?"

ஓப்பன் சோர்ஸ் வரட்டும் என்றுதான் இன்றும் சொல்கிறேன், ஆனால் வந்தாலும் அந்த மெஷினைக் கொடுத்து என்னைப் போன்ற ஒருத்தியைத்தானே அனுப்பப் போகிறார்கள்.