கை படாத பந்து

நியூ ஜெர்சிப் பூங்காவில் தைனோ விழா. கரீபியத் தீவுகளின் பூர்வகுடியான தைனோக்களின் வழிவந்தவர்கள் முகத்தில் செஞ்சாயக் கோடுகளோடு பந்தாடுகிறார்கள். கனத்த ரப்பர் பந்தை இடுப்பால், தோளால், முட்டியால் தட்டலாம்; கை மட்டும் படக்கூடாது. வேடிக்கை பார்த்த என் நண்பன் மோகனை, ஆள் குறைகிறதென்று ஓர் அணியின் தலைவி ஐரிஸ் தன் அணிக்குள் இழுத்துக்கொள்கிறாள். எதிரணித் தலைவி அவளுடைய தங்கை. போன வருடம் ஜெயித்ததை இன்னும் சொல்லிக்காட்டுகிறவள்.

பந்து கனிந்த மாம்பழம் போல மோகனை நோக்கி இறங்குகிறது. பாய்ந்து இரு கையாலும் அள்ளி, "அவுட்!" என்று கத்துகிறான். புள்ளி தங்கைக்குப் போய் ஆட்டம் சமநிலையாகிறது.

"வீட்ல ஒரு டம்ளர் கையில நிக்காது, இங்க மட்டும் கேட்ச்!" என்கிறாள் அவன் மனைவி வித்யா.

"சாரி ஐரிஸ், சண்டே கிரிக்கெட் பழக்கம்."

"உன் கைக்கு வேற வேலை தர்றேன்." ஐரிஸ் ஓரத்தில் பாடுகிறவர்களிடம் இரண்டு சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பைகளை வாங்கி அவன் கைகளில் திணிக்கிறாள். "கீழே போட்டா உன்னை என் தங்கச்சிக்கே கொடுத்துடுவேன்."

கடைசிப் பந்தும் அவனிடமே வருகிறது. தலைக்கு மேல் கைகள் பதறிக் கலகலக்க, இடுப்பு தானாகத் திரும்புகிறது. பந்து தங்கையைத் தாண்டி விழுகிறது. ஜெயித்துவிட்ட ஐரிஸ் கூவுகிறாள். மோகன் குலுக்குவதை நிறுத்தவில்லை. பாடகர்கள் அந்தத் தாளத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்.