மச்சான் மிச்சம் பிடித்த பெட்ரோல்

சிரிப்பு வாயு என்ற பெயரைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நீல சிலிண்டரை ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கி வந்தவர் மச்சான், என் அக்காவின் கணவர். கம்பெனியில் கணக்கு ஆபீசர். எழுபதுகளில் பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கே ஒரே கார் அவருடையது. அதை வைத்துக்கொண்டு ஒரு பந்தயத்திலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அவருக்குப் பைத்தியம்.

அக்காவுக்கு மாசம் நிறைந்திருந்தது. "ஏங்க, என்ன வேணா பண்ணுங்க. வலி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஓடணும்."

"பறந்தே போயிடலாம் பாரு," என்றார் மச்சான்.

அசட்டையாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பார்த்து வரிக்கு வரி செய்தார். இந்த வாயுவை உள்ளே விட்டால் எஞ்சினுக்குள் தீ மூர்க்கமாக எரியும், கார் பாய்ந்து ஓடும். அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாகப் போகாவிட்டால் சூட்டில் பிஸ்டன் உருகிவிடும். ஆகவே வாயுவுக்கு ஒரு குழாய், பெட்ரோலுக்கு ஒரு குழாய். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து திறக்கும்.

ஆனால் மச்சான், ரயில்வே கேட்டைத் தூரத்தில் கண்டதுமே பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருபவர். சோதனை ஓட்டத்துக்கு முன்னால் பெட்ரோல் குழாயின் முனையைக் கழற்றி, சின்னத் துளை உள்ளதை மாட்டினார்.

"இன்னா மச்சான் இது?"

"இவ்ளோ ஊத்தினா கட்டுப்படியாகுமாடா? கொஞ்சம் கொறைச்சாலும் ஓடும்."

"ஏரித் தண்ணிய ஊத்துங்க, இன்னும் மிச்சம்."

அவரும் சிரித்தார். பின் சீட்டில் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து உட்காருவது என் வேலை. எடை கூடாதென்று ஒல்லியான என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். தலையிலும் கனமில்லை என்பது கூடுதல் வசதி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஏரியோரச் சாலையில் விட்டோம். கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம், புகை, நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டனில் ஓட்டை. அதில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினேன். மச்சான் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் மழையோடு வலியும் வந்தது. செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டு வண்டியை நிறுத்தி அக்காவை ஏற்றினோம். தாம்பரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை.

சாயங்காலம் அக்கா கண்ணைத் திறந்து, "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"ஏரிக்கரையில," என்றார் மச்சான்.

"அங்கயே கெடக்கட்டும்."

வழக்கம்போல நான் ஏதாவது சொல்லுவேன் என்று மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.