ஜெயமலரின் சளி மேசை

ஜெயமலருக்குச் சளியைக் கண்டால் ஆகாது. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். விடிந்ததும் லயத்து ஆட்கள் சாக்கடைக் கான் ஓரமாக நின்று காறித் துப்புவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்டவளுக்கு முப்பத்தோராவது வயதில் அரசாங்க வேலை கிடைத்தது. மார்பு நோய்க் கிளினிக் ஒன்றில் சிற்றூழியர். முதல் நாளே சளி மாதிரி வாங்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நோயாளிகள் தரும் மூடி போட்ட டப்பாவில் பெயர் ஒட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால், உள்ளே இருப்பது நெஞ்சுச் சளியா வெறும் எச்சிலா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள், பச்சை, நூலாக இழுபடுவது, இரத்தம் கலந்தது. முதல் வாரத்தில் இரண்டு தடவை பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பதினோரு வருடமாகியும் பழகவில்லை. வெண்டைக்காயும் முட்டை வெள்ளையும் சாப்பிடுவதைத்தான் நிறுத்தினாள்.

போன வருடம் மழைக்காலத்தில் வீரய்யா வந்தார். ஐம்பது வயது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு மாதமாக இருமல் நிற்காததால் தோட்டத்து மருந்துக்காரர் அனுப்பியிருந்தார். மூன்று வேளையும் சாப்பிடுகிறாராம். ஆனால் பத்துச் செடி வெட்டுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாராம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் வெளிக்கள உத்தியோகத்தர் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் குடிகாரச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார். வீரய்யா குடிப்பதில்லை.

அவர் கொண்டுவந்த முதல் இரண்டு டப்பாவிலும் நுரைத்த எச்சில்தான் இருந்தது. ஜெயமலர் இரண்டையும் ஏற்கவில்லை. மூன்றாவது டப்பாவில் கெட்டியாக இருந்தது. தூக்கிப் பார்த்தாள். ஒரே சிவப்பு. இரத்தமோ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது, அடியில் பாக்குத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

“அண்ணே, நீங்க வெத்தல போடுவீங்களா?”

“இல்லீங்க தங்கச்சி.” பல் வெள்ளையாகத்தான் இருந்தது.

“அப்ப இது யாரு துப்புனது?”

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டார். மனைவி ராக்காயி துப்பியது என்று ஒப்புக்கொண்டார். மகள் சுலக்ஷனாவுக்குக் கினிகத்தேனையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அப்பனுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அவளை யார் கட்டுவார்கள் என்று பயம். சோம்பேறி என்ற பெயரோடு இருந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

ஜெயமலருக்கு வாயெல்லாம் கசந்தது. இன்னொருத்தி வாயில் மென்று துப்பியதை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறாள். அதைவிட, பெரட்டில் நின்று ஒரு நோயாளியை ஏசிய அந்த மனிதரை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

“திங்கிற சோறு தானா பலமாயிடாதுண்ணே,” என்றாள். “இழுக்கிற மூச்சு நெஞ்சுக்குள்ள போயி ரத்தத்துல கலக்கணும். ரத்தம் அத ஒடம்பு பூரா கொண்டு போகணும். அங்க அந்தக் காத்துதான் சோத்துச் சத்த எரிச்சு பலமாக்குது. ஒங்க நுரையீரலு புண்ணாக் கெடந்தா காத்து எப்பிடிக் கலக்கும்? கை எப்பிடிக் கத்தியத் தூக்கும்? நீங்க சோம்பேறி இல்ல.”

வீரய்யா இன்னொரு டப்பா கேட்டார்.

பின்பக்கத்து வெட்டவெளிக்கு அவரைக் கூட்டிப்போனாள். மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, காற்று தன் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து நின்றாள். ஆழமாக இழுத்து, அடக்கி, விடச் சொன்னாள். மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து இருமச் சொன்னாள். அவர் விலா எலும்பெல்லாம் தெரிய இருமினார். பச்சையாக, இரத்தக் கோடு ஓடிய ஒரு கட்டி டப்பாவில் விழுந்தது. கொஞ்சம் விளிம்பில் வழிந்து அவள் கையுறையில் பட்டது. ஜெயமலர் ஓங்கரித்துக்கொண்டே மூடியைத் திருகினாள்.

அந்தச் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. ஆறு மாதம் மாத்திரை. ராக்காயியையும் மகளையும் வரவழைத்துச் சோதித்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. ராக்காயி வெற்றிலைக் கறை படிந்த வாயோடு மன்னிப்புக் கேட்டபோது ஜெயமலர் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

வீரய்யா பயந்தபடியே நடந்தது. கினிகத்தேனைக்காரர்கள் ஆளும் அனுப்பவில்லை, போனும் எடுக்கவில்லை. வைத்தியரின் கடிதத்தைப் படித்த உத்தியோகத்தர் லீவு கொடுத்தார். ஆனால் முன்பு சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனாராம். அதை வீரய்யா சொல்லக் கேட்டு ஜெயமலர் வாய்க்குள்ளேயே திட்டினாள்.

மருந்து முடிந்த நாள் வீரய்யா வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பழையபடி மலையில் நின்று வெட்டுவதாகச் சொன்னார். பஸ்ஸிலிருந்து இறங்கி அத்தனை படியையும் எங்கும் நிற்காமல் ஏறி வந்தாராம். சொல்லிக்கொண்டே அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த நோய் தொட்டால் ஒட்டாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உள்ளங்கையின் ஈரம் பட்டதும் உடம்பு கூசியது. அவராக விடும்வரை கையை இழுக்காமல் நின்றாள்.

அவர் படியிறங்கிப் போன பிறகு, குழாயடிக்குப் போய் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.