ரெண்டு டிரைவ்ல ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க. காலையில கடை ஓனர் அண்ணன் போன் பண்ணிச் சொன்னார். தூக்கத்துலயே உயிர் போயிடுச்சாம்...

ராயபுரத்துல நாங்க வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போன் பண்ணி ஹார்ட் டிஸ்க் விலை கேட்டவங்க எல்லாருக்கும் அக்கா குரல் தெரியும்.

நான் பக்கத்து ஸ்டூல். படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தவ. போன் அடிச்சா எடுக்கவே பயம். எதுவும் கேட்காம அக்கா அதை எடுத்துப்பாங்க.

ஹார்பர் பக்கம் ஆபீஸ் வச்சிருக்கிறவர் ஒருத்தர், ஒருநாள் கடைக்கே சண்டைக்கு வந்துட்டார். "ரெண்டு டிரைவ்லயும் எடம் நாலு டிபிதான? சர்வர் டிரைவ் மட்டும் இன்னாத்துக்குமா டபுள் வெலை?"

"அது ராப்பகலா ஓடிகினே கீறதுக்குச் செஞ்சது சார். வாரண்டியும் ஜாஸ்தி. வூட்டு டிரைவ் நம்மள மாதிரி, நடுவுல தூங்கணும்"ன்னாங்க அக்கா.

"அப்போ காஸ்ட்லியா வாங்கினா போவவே போவாதா?"

"அதுவும் போவும் சார். இன்னா ஏத்தப் போற, பொண்ணு கல்யாண வீடியோவா? சாதா டிரைவே ரெண்டு வாங்கிக்க. ஒண்ணு உன் வூட்ல, ஒண்ணு உன் மச்சான் வூட்ல."

"மச்சான் வூட்டுக்குப் போனது எதுவும் திரும்பி வராதுமா!"

அன்னிக்குக் கடையே சிரிச்சது.

மத்தியானம் அக்கா டிபன்ல நெத்திலி இருந்தா மூடியில எனக்குத்தான் முதல்ல. "துன்னுடி. கடல் காத்து அடிச்சா பறந்துடுவ போல கீற."

கடை கேமரா ரெகார்டர்ல பழசு அழிஞ்சுதான் புதுசு ஏறும். செய்தி கேட்டதும் எனக்கு அதுதான் தோணிச்சு. என்கிட்ட அக்காவோட ஒரு போட்டோ கூட இல்ல...

ஓனர் அண்ணனுக்கு நானே போன் பண்ணேன்.

"அண்ணா, ரெகார்டரை நிறுத்தணும். அக்கா அழிஞ்சிடுவாங்க."

அவர், "சாவி எடுத்துகினு வரேன்மா"ன்னார்.

சாதா டிரைவ் ரெண்டுல காப்பி போட்டோம். ஒண்ணு திருவொற்றியூர்ல, அக்காவோட அம்மா கையில. ஒண்ணு என்கிட்ட.

அந்தக் கேமராவுல சத்தம் பதியாது. வீடியோவுல அக்கா போனை வச்சுட்டு என் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாங்க. என்ன சொன்னாங்கன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்... ஞாபகம் வரல.

சாயங்காலம் அக்காவை எடுக்கிறாங்க, திருவொற்றியூர் வீட்டுல. தெரிஞ்சவங்க வாங்க.

கடை திறந்ததும் போன் அடிச்சா நான் எடுக்கிறேன்க்கா. நீங்க தூங்குங்க.