பச்சை முகத்து மணப்பெண்

தன்தா நகரத்துச் சந்தைத் தெருவில் ஷவ்கியைத் தெரியாதவர் இல்லை. பழைய கம்ப்யூட்டர், பழைய மானிட்டர் என்று எது படுத்துக்கொண்டாலும் அவனிடம்தான் வரும். ஆனால் இருபது வருடமாக ஒரு விஷயத்தை அவன் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தான். சிவப்புக்கும் பச்சைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. வெளியே தெரிந்தால் வயர் வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அதனால் நிறத்தை நம்புவதே இல்லை. கெட்டுப்போன கேபிளின் பழைய பிளக்கைப் பிளந்து, கம்பி கம்பியாக மீட்டரை வைப்பான். 'பீப்' என்று கத்தினால் அதுதான் ஜோடி. காது இருக்கக் கண் எதற்கு என்பது அவன் கட்சி.

அந்த வியாழக்கிழமை மஹ்ரூஸின் போட்டோ ஸ்டூடியோவில் பூனை மானிட்டர் கேபிளைக் கடித்துக் குதறிவிட்டது. தட்டை மானிட்டர்கள் எல்லாம் நிறத்தில் பொய் சொல்லும், கல்யாணப் படத்துக்கு இந்தப் பழைய குண்டு மானிட்டர்தான் சரி என்பார் மஹ்ரூஸ்.

"பழைய பிளக் எங்கண்ணே?" என்றான் ஷவ்கி.

"அந்தக் கருமத்தைக் குப்பைவண்டியில போட்டாச்சு. இந்தா புதுசு. சாயங்காலம் கல்யாணம், அதுக்குள்ள பொண்ணு படத்தைப் பெரிசாப் போட்டுக் குடுக்கணும், சீக்கிரம் முடி." படத்தாள் வாங்க அவர் கிளம்பிப் போய்விட்டார்.

ஷவ்கி மீட்டரை எடுத்தான், திரும்பப் பையில் வைத்தான். மறுமுனை இல்லாமல் மீட்டர் எதைப் பார்த்துக் கத்தும்? மானிட்டரைக் கழற்றிப் பார்க்க நேரமில்லை. மெல்லிய கம்பிகளை மாற்றி மாற்றி வைத்துப் படத்தை ஆடாமல் நிறுத்திவிட்டான். நிறம் கொண்டுவரும் மூன்று தடித்த கம்பிகளில் நீலம் தெரிந்தது. மற்ற இரண்டும் ஒரே மண் நிறம். வாசலில் போன டீக்காரரிடம் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பற்றவைத்தான். திரையில் மணப்பெண் ரபாப் சிரித்தாள். பிரமாதமாக இருந்தது.

பெரிதாக்கும் படத்தைத் தேர்ந்தெடுக்க, ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் ஹாஜா என்று கூப்பிடும் ரபாபின் அம்மா இன்ஷிராஹ் அப்போதுதான் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு மூஞ்சி கீரையாட்டம் பச்சையா இருக்கே. கையில மருதாணியும் பச்சை. டிரஸ் மட்டும் வெள்ளையா இருக்கு பாரு. இது அந்த நவால் கண்ணுதான்."

நவால் மாப்பிள்ளையின் அக்கா. முந்தின நாள் மருதாணி விருந்தில் "பொண்ணு நிலா மாதிரி இருக்கா" என்றவள், கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துவிட்டாளாம்.

"கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்றேன்" என்று ஹாஜா போனை எடுத்தார்.

"ஹாஜா, போனை வைங்க. வயரை நான்தான் மாத்தி வச்சுட்டேன்."

"நவாலைக் காப்பாத்தவா பாக்குற? இருபது வருஷமா வேலை பாக்குற கைதேர்ந்த உஸ்தா, சிவப்பையும் பச்சையையும் மாத்தி வைப்பானா? உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

மறுமுனையில் மணி அடிப்பது அவனுக்கே கேட்டது. இருபது வருடப் பேர் ஒரு பக்கம், பாவம் அறியாத நவாலும் ஒரு கல்யாணமும் மறு பக்கம்.

"ஆமா ஹாஜா. பிறந்ததுலேர்ந்தே எனக்கு அந்த ரெண்டு நிறமும் பிரிஞ்சு தெரியாது. யாருக்கும் சொன்னதில்ல."

ஹாஜா அழைப்பைத் துண்டித்தார். மேசையிலிருந்த இரண்டு கம்பித் துண்டுகளைத் தூக்கிக் காட்டினார்.

"இது?"

"தெரியல."

"இது?"

"அதுவும் அதேதான்."

அவர் முகம் இளகியது. "அடப் பாவி. அப்ப எம் பொண்ணு உனக்கு எப்பிடித்தான் தெரிஞ்சா?"

"அழகாத் தெரிஞ்சாங்க. அதனாலதான் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்."

ஹாஜா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எது சிவப்பு என்று விரல் வைத்துக் காட்டினார். பத்து நிமிடத்தில் ரபாபின் கன்னம் சிவந்தது. கல்யாணம் நடந்தது. நவால்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று குலவையிட்டாள்.

ஹாஜாவின் வாயில் ரகசியம் நிற்குமா? சனிக்கிழமை ஷவ்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடை திறந்தான். காய்கறிக்காரர் முதலில் வந்து, ஒரு தக்காளியையும் ஒரு குடைமிளகாயையும் நீட்டி நிறம் கேட்டார். அப்புறம் டீக்காரர், அப்புறம் தையற்காரர். பரீட்சை வைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. எல்லோர் கக்கத்திலும் ஏதோ ஒரு பழுதான சாமான் இருந்தது. அதை அவன் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.