கொலு வீடுகளில் ஒரு சிபாரிசு

எனக்கு எட்டு வயதில் கல்யாணம் நடந்தது. பத்து வயதில் அது இல்லாமல் போயிற்று. இறந்துபோன அவர் முகம் எனக்கு நினைவில்லை. நாகஸ்வரக்காரர் வாசிப்புக்கு நடுவே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா இரண்டு விஷயங்களில் யார் பேச்சையும் கேட்கவில்லை. என் தலைமுடியில் யாரையும் கை வைக்க விடவில்லை. என் படிப்பையும் நிறுத்தவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே நாங்கள் குடியிருந்த தெருவில் இந்த இரண்டையும் பற்றிப் பல வருஷம் பேசினார்கள். அப்பா காலையில் டிராம் ஏறிப் போய், கோட்டைப் பக்கத்தில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவார். யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்.

அப்படித்தான் நான் சரித்திரத்தில் ஆனர்ஸ் வரைக்கும் படித்தேன். முப்பதுகளின் தொடக்கம் அது. வகுப்பில் ஆண்கள் பதினொரு பேர், நான் ஒருத்தி. எனக்கு முதல் பெஞ்சின் ஓரத்தில் தனியாக ஒரு நாற்காலி.

கடைசி வருஷம் எங்கள் புரொபசர் எல்லோரையும் பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகள் வைத்திருந்த கட்டடத்துக்கு அழைத்துப் போனார். தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள். உள்ளே நுழைந்ததும் பழைய காகிதமும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை. குமாஸ்தா ஒருவர் எங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு காகிதக் கட்டை அவிழ்த்தார். மற்றவர்கள் கவர்னரின் கையெழுத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். எனக்கு அடியில் கிடந்த ஒரு காகிதம் கையில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மனு. மயிலாப்பூரில் இருந்த ஒரு விதவை எழுதிக்கொண்டது. ரோடு போடுவதற்காகத் தன் கொல்லையையும் கிணற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கொல்லை போனால் போகட்டும், கிணற்றை மட்டும் விட்டுவிட வேண்டும், தண்ணீருக்குப் பிறர் வீட்டு வாசலில் போய் நிற்கத் தன்னால் முடியாது என்று கேட்டிருந்தாள். யாரோ எழுதிக் கொடுத்த மனுதான். ஆனால் அந்தக் கடைசி வரி அவளே சொன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இதுக்கு என்ன பதில் வந்தது சார்?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

"அது வேற கட்டுல இருக்கும்மா. தேடணும்" என்றார்.

தேடணும் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அவிழ்க்காத ஒரு கட்டு, இவை தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. மற்றப் பெண்கள் எதற்காக ஏங்குவார்களோ எனக்குத் தெரியாது. நான் ஏங்கியது இதற்குத்தான்.

பரீட்சை தேறியாயிற்று. இரண்டாம் வகுப்பு. ஊரெங்கும் வேலை இல்லாத காலம். பி.ஏ. படித்தவர்கள் பத்து ரூபாய் டியூஷனுக்கு அலைந்தார்கள். என்னோடு படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு வக்கீல்கள், ஜட்ஜுகள் பங்களாக்களுக்குப் போனார்கள். வராந்தாவில் காத்திருந்து, சிபாரிசுக் கடிதம் வாங்கி, அதை எடுத்துக்கொண்டு இன்னொரு பங்களாவுக்குப் போனார்கள். ஒருவனுக்கு மாமா இருந்தார், ஒருவனுக்கு மாமாவின் சம்பந்தி இருந்தார். சரித்திரம் படித்தவனை யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை; யாராவது ஒருவர் சொன்னால்தான் உண்டு.

எனக்காகப் போய்ச் சொல்ல அப்பா ஒருவர்தான். அவர் போக மாட்டார்.

"பல்லைக் காட்டிண்டு ஒருத்தர் வாசல்லேயும் நான் நின்னதில்லை. விண்ணப்பம் போட்டிருக்கியோ இல்லையோ? தகுதி இருந்தா கூப்பிடுவா" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. தஸ்தாவேஜு ஆபீசுக்கு நான் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை.

புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் அம்மா அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"பெரிய மனுஷாளைப் போய்ப் பாக்க ஆம்பளைகளுக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு. நமக்கு நவராத்திரி இருக்கே."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பயமாக இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் பாடுவாள். கொலு வீட்டில் பாடத் தெரிந்தவளை யாரும் வாசலோடு அனுப்புவதில்லை.

நான் போக முடியாது. மஞ்சள் குங்குமம் கொடுக்கும் இடத்தில் நான் போய் நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பது நாளும் அம்மா போனாள். என் சர்டிபிகேட்டுகளை ஒரு பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்வாள். யார் வீட்டுக்காரர் எந்த உத்தியோகம், யாருக்கு யார் உறவு என்று கோவில் பிராகாரத்திலும் கறிகாய்க் கடையிலும் விசாரித்து வைத்திருந்தாள். ஒரு பாட்டுப் பாடுவாள். சுண்டல் வாங்கிக்கொள்வாள். பிறகு மெல்ல அந்தத் துணியை அவிழ்ப்பாள். திரும்பி வந்ததும் நான் கேட்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். "பி.ஏ. படிச்சிருக்காளா, பாவம்" என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். அந்தப் 'பாவம்' எதற்கு என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

எட்டாம் நாள் போக வேண்டியது மாம்பலத்துக்கு. ஏரியைத் தூர்த்து மனை போட்டு, புதிதாகத் தியாகராய நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தஸ்தாவேஜு ஆபீசில் அதிகாரமுள்ள ஒருவர் அங்கே பங்களா கட்டிக்கொண்டு குடிபோயிருந்தார். தனியாக அவ்வளவு தூரம் போக அம்மாவுக்குத் தைரியமில்லை. "நீ வண்டியிலேயே உக்காந்துண்டிரு" என்று என்னையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டாள்.

பங்களா வாசலில் அம்மா இறங்கி உள்ளே போனாள். நான் வண்டிக்குள் இருந்தேன். உள்ளே விளக்கும் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. எப்போதும் பாடுவதைவிடச் சுருதியை ஒரு கட்டை மேலே எடுத்துவிட்டாள். மேல் ஸ்தாயியில் மூச்சு வாங்கியது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது.

வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா, நீ உள்ள போவலியா? அம்மா மட்டும் பாடிக்கினு கீது."

"இல்லை, நான் இங்கேயே இருக்கேன்."

அவர் என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். "இந்த எடம் பூரா தண்ணியா கெடந்திச்சு. எங்க நைனா இங்கதான் மீன் புடிப்பாரு" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

உள்ளே நடந்ததை அம்மா பின்னால் சொன்னாள். துணியை அவிழ்த்ததும் அந்த வீட்டு மாமி காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாளாம். படிக்கத் தெரிந்தவள் படிப்பது போல, கடைசி வரி வரைக்கும். பிறகு, "இவளை ஏன் அழைச்சிண்டு வரல்லே?" என்று கேட்டாளாம். அம்மா வாசலைக் காட்டி, "வந்திருக்கா. வண்டியில இருக்கா" என்றாளாம்.

நான் பார்த்தது இது. மாமி வாசல் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்தாள். காதில் வைரத் தோடு, நல்ல உயரம். ஜட்காவின் பின்பக்கம் நின்று என்னைப் பார்த்தாள்.

"கொலு பாக்க வான்னு நான் கூப்பிடல்லே. உனக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா வேலை கேக்க வந்தவ வாசல்ல நிக்கப்படாது. இறங்கு."

இறங்கினேன். கூடத்தின் வழியாக அழைத்துப் போகவில்லை. பக்கத்து வராந்தாவைச் சுற்றி, வீட்டுக்காரரின் ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனாள். கூடத்தில் இருந்தவர்கள் கண்ணில் நான் படக்கூடாது என்பதற்காகவா, அல்லது நான் சங்கடப்படக்கூடாது என்பதற்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றியும் வலியும் ஒரே சமயத்தில் இருந்தன.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார்.

"டீச்சர் வேலைக்கு ஏன் போகல்லே?"

"பழைய காகிதமெல்லாம் படிக்கணும்னு ஆசை சார்."

"ஆசை சரிதான். அங்கே பூரா ஆம்பளைகள். உனக்குன்னு ஒரு அறை கிடையாது. நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொன்னா யார் பதில் சொல்றது?"

மாமிதான் பேசினாள். "வேலை குடுக்க முடியாட்டா போறது. படிக்க விடலாமே? வெளியிலேர்ந்து வந்து ஆராய்ச்சி பண்றவாளுக்கு அனுமதி கொடுக்கறேள் இல்லையோ?"

அவர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். ஒரு மாதத்துக்கு அனுமதி. சம்பளம் கிடையாது.

அந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லை. காலையில் டிராமில் போனேன். ஜன்னலோரத்தில் ஒரு மேஜை கொடுத்தார்கள். முதல் வாரம் அம்மா துணைக்கு வந்து வெளியே வேப்பமரத்தடியில் ஸ்லோகம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நான் தனியாகவே போனேன். குமாஸ்தா கட்டுகளைக் கொண்டுவந்து வைப்பார். நான் அவிழ்ப்பேன். வண்ணார் தெருத் தகராறு, கோவில் மானியத் தகராறு, காணாமல் போன ஒரு படகு. மத்தியானம் கட்டித்தயிர் சாதத்தைச் சாப்பிட மறந்து திருப்பிக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. அந்த விதவைக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பது மட்டும் கிடைக்கவே இல்லை. எந்த வருஷத்துக் கட்டில் இருக்க வேண்டுமோ அந்தக் கட்டைக் கரையான் அரித்திருந்தது.

ஆனாலும் என் வாழ்நாளில் நான் முழுக்க நானாக இருந்தது அந்த மாதம்தான். முப்பதாம் நாள் சாயங்காலம் கட்டை மறுபடி கட்டிக் குமாஸ்தாவிடம் கொடுத்தபோது, அவர், "போய்ட்டு வாம்மா" என்றார். வா என்று சொன்னது சும்மா வாய்வார்த்தைதான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மாமிக்கு நன்றி சொல்லப் போனேன். இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே அழைத்தாள். "நன்றியெல்லாம் இருக்கட்டும். அங்கே என்னென்ன படிச்சே, சொல்லு" என்றாள். சொன்னேன். விளக்கேற்றும் நேரம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். காணாமல் போன படகு பிறகு அகப்பட்டதா என்று இரண்டு தடவை கேட்டாள். கிளம்பும்போது, "ஆத்துல இருக்கற சரித்திரப் புஸ்தகம் பூரா நான் படிச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது" என்று தணிந்த குரலில் சொன்னாள்.

மாம்பலத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் மாமிதான். தலைமை ஆசிரியை அவளுக்குச் சிநேகிதி. என்னோடு படித்தவர்களில் ஒருவன் அவன் மாமாவின் சிபாரிசில் தஸ்தாவேஜு ஆபீசிலேயே நுழைந்தான். இரண்டு வருஷத்தில் அலுப்பாக இருக்கிறது என்று ரெவின்யூ இலாகாவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் சந்தோஷமாகவே இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. குழந்தைகளுக்கு என்னைப் பிடித்திருந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாதவற்றையும் சொல்வேன். ஆனால் கரும்பலகையைத் துடைக்கும்போது சில நாள், இந்நேரம் அங்கே குமாஸ்தா கட்டுகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பு வரும். டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன்.

முப்பதுகள் முடியப் போகிற சமயம், என்னிடம் கடைசி வகுப்பில் படித்த பெண் ஒருத்தி சரித்திரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் வீடு. தஸ்தாவேஜு ஆபீசில் பட்டியல் தயாரிக்கத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள், பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறது, ஒரு கடிதம் வேண்டும் என்றாள்.

எனக்கும் வயது அப்போது முப்பது ஆகவில்லை. நானே விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, அம்மா படுக்கையில். ஆறு மாதத்துக்கு மட்டும் இருக்கிற ஒரு வேலைக்காக நிலையான சம்பளத்தை விட எனக்கு வழியில்லை. எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம்தான். மாமியிடம் அழைத்துப் போய் அறிமுகமும் செய்துவைத்தேன். இதையெல்லாம் முழு மனசோடு செய்தேன் என்று சொல்ல முடியாது.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த இரண்டாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் தூசி.

"எந்தப் பக்கம் உக்கார வெச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"வடக்குப் பக்கம் டீச்சர். காத்தே வராது."

"எந்தக் காலத்துக் கட்டு?"

"கம்பெனி காலம்தான். எல்லாம் நிலத் தகராறு."

"யார் எடுத்துக் கொடுக்கறா? வயசான குமாஸ்தா ஒருத்தர் இருப்பாரே?"

"அவர் ரிடையர் ஆயிட்டார் போலிருக்கு. இப்ப வேற ஒருத்தர்."

இன்னும் கேட்க எவ்வளவோ இருந்தது. மனுக்கள் தமிழிலா மொழிபெயர்ப்பிலா, பூச்சி அரித்ததை என்ன செய்கிறார்கள், மத்தியானம் வெளிச்சம் எதுவரை வருகிறது என்றெல்லாம். அவள் தெருமுனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பஸ் வந்துடும் டீச்சர். இன்னொரு நாள் சாவகாசமா வரேன்."

"சரி, போய்ட்டு வா" என்றேன்.

அவள் ஓடினாள். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. சனிக்கிழமை அரை நாள்தான் என்பதால் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. நான் கேட்டைச் சாத்திவிட்டு, அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டதே என்று வீட்டுக்குக் கிளம்பினேன்.