மூன்றில் ஒரு பலிகடா

கம்பெனியில் எல்லோரும் அவனைச் சுழி என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே சுழி அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் சுழி. மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரிகின்றனவே என்று அவன் புலம்பாத நாள் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், தலைச்சுழி சரியில்லாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் அதைத் திருத்துவதில்லை.

எழுத்து வரைவதுதான் அவன் வேலை. கடைப் பெயர்ப்பலகை, மருந்துப் பெட்டி, பால் பாக்கெட், எதுவானாலும் சரி. கணினியில் இருக்கிற எழுத்துரு ஒன்றை எடுத்துக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நசுக்கி மற்றவர்கள் வேலையை முடித்துவிடுவார்கள். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவான்.

கம்பெனி அவன் அக்கா புருஷனுடையது. அத்தானுக்கு ஒரு கோடு நேராக வராது. ஆனால் வாய் இருந்தது. அவன் சேர்ந்த முதல் நாளே தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

“இங்க பாரு மாப்ள. ஒண்ணு காட்டினா குறை சொல்லுவான். ரெண்டு காட்டினா பொண்டாட்டியக் கேட்டுட்டு வரேன்னு போயிடுவான். மூணு காட்டணும். அதுல ஒண்ணு பலிகடா. அதை வெட்டிட்டான்னா அவனுக்கு மனசு ஆறிடும். மிச்சத்துல ஒண்ணை வாங்கிட்டுப் போவான்.”

அன்றிலிருந்து சுழி மூன்று மாதிரிகள் கொடுத்தான். ஒன்று, மனசு வைத்து வரைந்தது. இன்னொன்று, குற்றம் சொல்ல முடியாதது. மூன்றாவது பலிகடா. அதற்குச் சாய்ந்த எழுத்து, நிழல், நுனியில் ஒரு வால். அரைமணி நேரத்தில் கிறுக்கித் தள்ளிவிடுவான்.

வருகிறவர்கள் அந்தக் கிறுக்கலைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். வருஷக்கணக்காக இதே கதை. கடைத்தெருவில் நடந்தால் அவன் பெற்ற பலிகடாக்கள் வரிசையாக உட்கார்ந்து வாலை ஆட்டின. மனசு வைத்து வரைந்தது ஒன்றுகூட வெயிலைப் பார்த்ததில்லை.

“என்ன பண்றது மாப்ள, கண்ணில்லாதவனுங்க” என்பார் அத்தான் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து. “நான் உன்னோடதைத்தான் தலையில வெச்சுத் தாங்கினேன்.”

அவன் நம்பினான். அத்தான் குரல் அப்படி.

பேருந்து நிறுவனம் ஒன்று தன் வண்டிகளுக்கெல்லாம் புதுப் பலகை மாட்டப் போகிறது என்று வேலை வந்தபோது, சுழிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்று வெளியே வரவேண்டும். வந்துவிட்டால் மற்றதெல்லாம் தொலைந்து போகட்டும்.

நிறுத்தங்களில் போய் நின்றான். ஏறுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. வருகிற வண்டியின் பலகையில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. அப்புறம் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடுகின்றன. மிச்சத்தை ஜனங்கள் ஊகத்தில் நிரப்பிக்கொண்டு ஓடுகிறார்கள், ஏறிய பிறகு நடத்துனரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அவன் சுழிகளின் வயிற்றைத் திறந்துவிட்டான். புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தான். அச்செடுத்து நடைபாதைச் சுவரில் ஒட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தான். தலைகீழாக ஒட்டிப் பார்த்தான். தலைகீழாக வைத்தால் வார்த்தை போய்விடும், வடிவம் மட்டும் மிஞ்சும். எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் வைத்தும் பார்த்தான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தெருக்கோடியில் ஒரு கேட்டில் கட்டித் தொங்கவிட்டு, மனைவியை வீட்டு வாசலில் நிறுத்தினான்.

“படி பாக்கலாம்.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. புருஷன்தான் கண்ணுல படமாட்டேங்கறாரு.”

“விளையாடாத. படி.”

அவள் படித்தாள், ஒரு எழுத்துகூட இடறாமல். பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்:

“இது வண்டியில வந்துட்டா எனக்குச் சௌகரியம். என் வீட்டுக்காரர் இத்தன வருஷமா என்ன பண்ணினாருன்னு கேக்கறவங்களுக்கு விரல நீட்டிக் காட்டிடுவேன்.”

வாடிக்கையாளரிடம் மாதிரிகளைக் காட்டும் இடத்துக்கு அத்தான் அவனை ஒருநாளும் அழைத்துப் போனதில்லை. இந்த முறை, பலகையில் எழுத்தை எப்படிப் பதிப்பது என்று கேட்க வேண்டும், வரைகிறவரையும் கூட்டி வாருங்கள் என்று நிறுவனத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை.

“நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்.”

குளிரூட்டிய அறை. நீள மேஜையின் நடுவில் மேலாளர் அம்மாள், இருபுறமும் அதிகாரிகள். அத்தான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் அட்டையைத் தூக்கி நிறுத்தினார். அது சுழியின் எழுத்து. முதலிலேயே காட்டுகிறாரே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

“இதை ஒரு மரியாதைக்குக் காட்டறேன்” என்றார் அத்தான். “எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஆசைப்பட்டுப் பண்ணிட்டாரு. புள்ளியப் பாருங்க, தலைக்கு மேல ஈ மொய்க்கற மாதிரி.”

மேஜை சிரித்தது. ஒரு அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். “நான் சொல்லல? என் மச்சினன் மருந்துக் கடைக்கும் இவர் இப்படித்தான் மொதல்ல ஒரு காமெடி அயிட்டம் காட்டினாரு.”

சுழி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். மருந்துக் கடைக்கு அவன் மனசு வைத்து வரைந்தது அவன் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் வரைந்தவையும் வந்தன. பலிகடா எது என்று இத்தனை காலமாக அவனுக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் மேலாளர் அம்மாள் அந்த அட்டையை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஆனா படிக்க முடியுது, இல்ல?” என்றார். அவர் சுழி பக்கம் திரும்பினார். “இதை வரைஞ்சது நீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் புள்ளியைத் தூக்கினான், ஏன் சுழியைத் திறந்தான் என்று மணிக்கணக்கில் பேச அவனிடம் விஷயம் இருந்தது. ஆனால் ஈ மொய்க்கிற சிரிப்பு இன்னும் அந்த அறையில் இருந்தது.

“இல்ல மேடம்” என்றான். “புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு. அவர் பண்ணினது.”

“ஓ” என்று அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கடைசியில் வாலாட்டி தேர்வானது. அதைத் தகட்டில் எப்படிப் பதிப்பது என்று சுழிதான் பொறுமையாக விளக்கினான்.

திரும்பி வரும்போது அத்தான் காரை ஓட்டிக்கொண்டே கேட்டார். “ஏன் மாப்ள இல்லைன்னுட்ட?”

“சிரிச்சாங்களே.”

“சிரிக்கணும். சிரிச்சாத்தான் அவங்களுக்கு நாமளும் விவரமானவங்கன்னு தோணும், மத்ததுல ஒண்ண வாங்குவாங்க. நானா மட்டமா ஒண்ணு பண்ணிக்கொண்டு போனா மோசடின்னு கண்டுபிடிச்சிடுவாங்க. உன்னோடதுல உயிர் இருக்கு, அதான் எடுபடுது.” கொஞ்ச தூரம் போனதும் சமாதானமாகச் சொன்னார். “நம்ம கம்பெனி ஓடறதே அதை வெச்சுத்தான். தப்பா எடுத்துக்காத.”

வீட்டில் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். அவங்களுக்குக் கண்ணில்லை என்றான். சொன்ன பிறகுதான் அது அத்தானின் வாசகம் என்று உறைத்தது.

அடுத்து ஒரு டைல்ஸ் கடை வந்தது. சுழி மூன்று மாதிரிகள் கொடுத்தான். மூன்றிலும் சாய்வு, நிழல், வால். அத்தான் அவற்றை எடுத்துக்கொண்டு அவன் மேஜைக்கே வந்துவிட்டார்.

“ஆரம்பிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே மாப்ள. உன்னோடது எங்க?”

“தரேன் அத்தான்.”

பென்சில் எடுக்கவில்லை. கணினியில் இருந்த எழுத்துரு ஒன்றைத் திறந்து, சுழிகளை அகட்டினான். புள்ளியை ஊதிப் பெரிதாக்கி மேலே தூக்கினான். தன்னிடம் என்னென்ன வழக்கம் உண்டோ எல்லாவற்றையும் ஒரு பிடி தூக்கலாகப் போட்டான். சுவரில் ஒட்டிப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அத்தான் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

“இதான்” என்றார். “ஆயிரம் பேர் வந்தாலும் இந்தக் கை வேற எவனுக்கும் வராது மாப்ள.”